மேசைக்குப் பின்னால் ஆடிய ஆட்டம்: பிராஞ்ச் ரிக்கியும் பேஸ்பாலின் இரு கதவுகளும்

பேஸ்பாலில் கேட்சரின் வேலை ஏறக்குறைய நம் விக்கெட் கீப்பரின் வேலைதான். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்க வேண்டும். எதிரணிக்காரர் கண்ணசந்த நேரத்தில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஓடப் பார்த்தால், பந்தை எறிந்து அவரை மடக்க வேண்டும். 1907 ஜூன் 28 அன்று நியூயார்க் ஹைலேண்டர்ஸ் அணிக்குக் கேட்சராக நின்றவருக்குத் தோளில் காயம். வாஷிங்டன் அணியினர் அந்த ஒரே ஆட்டத்தில் 13 தளங்களைத் திருடினார்கள். அந்தக் கேட்சரின் பெயர் வெஸ்லி பிராஞ்ச் ரிக்கி. மேஜர் லீக்கில் அவருடைய மட்டைச் சராசரி .239. ஆட்டக்காரர் என்ற அளவில் அவரை யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க பேஸ்பாலை மாற்றியவர்கள் யார் என்று கேட்டால், மைதானத்தில் புகழ்பெற்ற பல நட்சத்திரங்களுக்கு முன்னால் இவர் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். இளம் வீரர்களை வளர்த்தெடுக்கும் துணை அணிகளின் வலைப்பின்னலை உருவாக்கியவர் அவர். ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து, அறுபது ஆண்டு காலமாகக் கறுப்பினத்தவருக்கு மூடிக்கிடந்த மேஜர் லீக்கின் கதவைத் திறந்தவரும் அவர்தான். முழுநேரப் புள்ளியியலாளரை வேலைக்கு வைத்தார்; தலைக்கவசத்தை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இவை அனைத்தையும் அவர் செய்தது ஓர் அணியின் நிர்வாகியாக, அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து.

ரிக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு அவர் அறத்தின் உருவம். மறு கட்சிக்கு அவர் கைதேர்ந்த வியாபாரி. இந்த வழக்கு வீண் வழக்கு என்பது என் எண்ணம். அவரிடம் அறமும் வணிகமும் ஒரே திறமையிலிருந்து பிறந்தன. மற்றவர்கள் பார்க்க மறுத்த இடத்தில் ஆற்றலைப் பார்க்கும் கண் அது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் கண் எதுவரை பார்த்தது, எங்கே பார்க்கத் தவறியது?

ஞாயிற்றுக்கிழமை ஆடாதவர்

1881 டிசம்பர் 20 அன்று ஒஹாயோ மாநிலத்தின் தெற்கே, ஸ்டாக்டேல் என்ற சிற்றூரில், பக்தி மிகுந்த மெதடிஸ்ட் விவசாயக் குடும்பத்தில் ரிக்கி பிறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1904இல் சின்சினாட்டி அணி அவரை எடுத்துக்கொண்டு, ஞாயிறு ஆட மாட்டேன் என்றதும் அனுப்பிவிட்டது. பிற்காலத்தில் அணியின் பயிற்சியாளராக இருந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகாமல், அன்றைக்கு மட்டும் வேறொருவரைப் பொறுப்பில் விட்டார். ஆனால் ஞாயிறு ஆட்டத்தின் டிக்கெட் பணம் அவருடைய கிளப்புக்குத்தான் வந்தது. இதைச் சுட்டிக்காட்டி அவரைக் கேலி செய்த பத்திரிகையாளர்கள் வாழ்நாள் முழுதும் இருந்தார்கள்.

ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியளித்த காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ரிக்கி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகருக்கு அணி போயிருந்தது. அணியின் கறுப்பின வீரர் சார்லஸ் தாமஸுக்கு அறை கொடுக்க விடுதி மறுத்துவிட்டது. தம் அறையிலேயே ஒரு கட்டில் போட்டுத் தாமஸைத் தங்கவைத்தார் ரிக்கி. இரவில் தாமஸ் அழுதுகொண்டே, இந்தத் தோல் மட்டும் உரிந்து போய்விடாதா என்று தம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பது ரிக்கியின் நினைவு. அந்தத் தாமஸ் பின்பு பல் மருத்துவரானார். நாற்பதாண்டு கழித்துத் தாம் எடுத்த முடிவுக்கு இதுவே விதை என்றார் ரிக்கி. எந்த மனிதரும் தம் முடிவுக்குப் பின்னாளில் கதை சேர்ப்பதுண்டு. ஆனாலும், அந்தக் கதையையே திரும்பத் திரும்பச் சொன்னார் என்பது அவருடைய மனச்சாட்சி எங்கே குடியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

காசநோய் தாக்கியது, பிழைத்தெழுந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் வக்கீல் பலகை மாட்டினார், கட்சிக்காரர்கள் வரவில்லை. 1913இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி அழைத்தபோது பேஸ்பாலுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 31. நிர்வாகி ரிக்கியின் வாழ்க்கை அங்கே தொடங்குகிறது.

ஏழை அணியின் நாற்றங்கால்

1917இல் அதே நகரத்தின் இன்னோர் அணியான கார்டினல்ஸுக்குத் தலைவரானார். அந்த அணியின் நிலை பரிதாபமாக இருந்தது. பெரிய மனிதர்கள் அலுவலகத்துக்கு வரும் நாளில் மரியாதையாக இருக்கட்டும் என்று ரிக்கி தம் வீட்டுக் கம்பளத்தைக் கொண்டுவந்து விரித்தார் என்ற செய்தி உண்டு.

அன்றைய ஏற்பாடு இது: சிறு நகரங்களில் இருந்த மைனர் லீக் கிளப்புகள் பெரும்பாலும் சுதந்திரமானவை. அவை இளைஞர்களைக் கண்டுபிடிக்கும், வளர்க்கும், பிறகு நல்ல விலைக்கு மேஜர் லீக் அணிகளுக்கு விற்கும். பணக்கார நியூயார்க் அணிகளோடு ஏலத்தில் மோத செயின்ட் லூயிஸால் முடியாது. ரிக்கி ஒரு வீரரை விரும்புகிறார் என்று தெரிந்தாலே மற்ற அணிகள் அந்த வீரரின் விலையை ஏற்றிவிடும் நிலை. ஆளை அடையாளம் காணும் கண் இவரிடம். வாங்கும் பணம் அவர்களிடம்.

இதற்கு அவர் கண்ட வழி எளிமையானது: வாங்க முடியாவிட்டால் வளர்த்துக்கொள்வது. 1920இல் உரிமையாளர் சாம் பிரெடன் கார்டினல்ஸின் பழைய மைதான நிலத்தை விற்றுவிட்டு, பிரவுன்ஸ் அணியின் மைதானத்தில் வாடகைக்குக் குடிபோனார். நிலம் விற்றதில் சுமார் 2,75,000 டாலர் கிடைத்தது. அந்தப் பண வசதியோடு ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித், டெக்சஸின் ஹூஸ்டன், நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் ஆகிய ஊர்களின் மைனர் லீக் கிளப்புகளில் கார்டினல்ஸ் பங்கு வாங்கியது. நாற்றை விலைக்கு வாங்கி நட்டுக்கொண்டிருந்தவர் சொந்தமாக நாற்றங்கால் போட்டது போன்ற மாற்றம் இது. கிராமத்துப் பையன் முதலில் அடிமட்ட லீக்கில் ஆடுவான். தேறினால் அடுத்த படி. எல்லாப் படிகளிலும் ஒரே நிர்வாகத்தின் பயிற்சி. கடைசிப் படி செயின்ட் லூயிஸ்.

ரிக்கியின் ஆட்கள் ஊர் ஊராகத் திறந்த தேர்வு முகாம் நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவர்களிடம் அவர் முதலில் பார்த்தது இரண்டு விஷயங்களை: எவ்வளவு வேகமாக ஓடுகிறான், எவ்வளவு வலுவாக எறிகிறான். ஓடுகிற கால் அடிக்கும்போதும் உதவும், தடுக்கும்போதும் உதவும் என்பது அவர் கணக்கு. அடிக்கும் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது. நூறு பேரைச் சேர்த்தால்தான் நான்கு பேர் தேறுவார்கள், ஆகவே எண்ணிக்கையிலிருந்துதான் தரம் பிறக்கும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை.

பலன் கைமேல் வந்தது. 1926 முதல் 1942 வரை கார்டினல்ஸ் ஆறு முறை தேசிய லீக் பட்டத்தையும், 1926, 1931, 1934, 1942 ஆகிய நான்கு ஆண்டுகளில் வேர்ல்டு சீரிஸையும் வென்றது. டிஸ்ஸி டீன், ஸ்டான் மியூசியல் போன்றவர்கள் இந்த நாற்றங்காலில் வளர்ந்தவர்கள். 1940 வாக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட துணை அணிகள் கார்டினல்ஸின் கைக்குள் இருந்தன. ஏளனம் செய்த மற்ற அணிகள் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன.

வளர்ந்த பயிர் யாருக்குச் சொந்தம்?

இந்த வெற்றிக்கு அடியில் ஒரு விதி இருந்தது. பேஸ்பால் ஒப்பந்தங்களில் இருந்த ரிசர்வ் விதிப்படி, ஒருமுறை ஓர் அணியில் கையெழுத்திட்ட வீரர் அந்த அணிக்கே உரியவர். ஆண்டு ஒப்பந்தம் முடிந்தாலும் வேறு அணியோடு பேரம் பேச முடியாது. அணி அவரை விற்கலாம், மாற்றலாம், விலக்கலாம்; அவராக விலகினால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான். பேஸ்பால், மாநிலங்களுக்கிடையேயான வணிகம் ஆகாது என்று 1922இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததால், ஏகபோகத் தடைச் சட்டமும் அணிகளைத் தொடவில்லை.

ரிக்கியின் அமைப்பில் இந்த விதி பன்மடங்கு கனத்தது. மியூசியலைப் போல மேலேறியவர்களுக்கு அது ஏணி. திறமை இருந்தும் மேலே இடம் காலியில்லாத காரணத்தால் சிறு நகரங்களிலேயே இளமையைக் கழித்தவர்களுக்கு அது கூண்டு. வேறோர் அணிக்குப் போயிருந்தால் முதல் பதினொருவரில் இருந்திருக்கக்கூடியவர் என்று கிரிக்கெட் கணக்கில் சொல்வோமே, அப்படிப்பட்டவர்கள் ஏராளம். மாற்றாள் பின்னால் வரிசையில் நிற்பதால், மேலே இருப்பவரும் சம்பளம் உயர்த்திக் கேட்க அஞ்சினார். விற்ற வீரர்களின் விலையில் ரிக்கிக்கும் ஒரு பங்கு இருந்தது. ஒரு வீரர் உச்சத்தைத் தாண்டுவதற்கு ஓராண்டு முன்பே விற்றுவிட வேண்டும் என்ற கொள்கை இந்த ஏற்பாட்டோடு நன்றாகவே பொருந்தியது.

பேஸ்பால் ஆணையராக இருந்த நீதிபதி கெனசா மவுண்டன் லேண்டிஸ் இந்த அமைப்பை வெறுத்தார். சிற்றூர்களின் கிளப்புகள் தம் சுயேச்சையை இழக்கின்றன, வீரர்கள் மறைத்து வைக்கப்படுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1938இல் கார்டினல்ஸின் துணை அணி வீரர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை அவர் விடுவித்தார். இதே லேண்டிஸ் ஆணையராக இருந்த காலம் முழுதும் ஒரு கறுப்பினத்தவர்கூட மேஜர் லீக்கில் ஆடவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு நீதியைக் காத்தவர் இன்னொரு அநீதிக்குக் காவல் நின்றார்.

ரிசர்வ் விதியை ரிக்கி கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1949இல், அந்த விதி நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளானபோது, அதை எதிர்ப்பவர்களுக்குக் கம்யூனிசச் சாய்வு இருக்கிறது என்று மேடையிலேயே பேசினார். ராபின்சனைக் கொண்டுவந்த அதே மனிதரின் பேச்சு இது.

மான்டேகு தெருவில் மூன்று மணி நேரம்

1942 இறுதியில் பிரெடனோடு கசந்து, நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குத் தலைவராகவும் பொது மேலாளராகவும் ரிக்கி வந்தார். அடர்ந்த புருவம், கழுத்துப்பட்டை, மெல்லும் சுருட்டு, பிரசங்கியின் பேச்சு. காந்தியைப் பற்றி ஜான் கந்தர் எழுதிய வரிகளைப் படித்த பத்திரிகையாளர் டாம் மீனி, பக்தியும் அரசியல் சாதுரியமும் தந்தைமையும் கலந்த அந்தச் சித்திரத்தில் ரிக்கியைக் கண்டு ‘மகாத்மா’ என்று பெயர் வைத்தார். சம்பளத்தில் கையை இறுக்கியதால் வேறொரு பத்திரிகை அவரைக் கஞ்சன் என்று எழுதியது. இரண்டு பெயரும் நிலைத்தன.

கறுப்பின வீரர்களைச் சேர்க்கும் எண்ணத்தை வந்த சில மாதங்களிலேயே டாட்ஜர்ஸின் வங்கியாளர் ஜார்ஜ் மெக்லாக்லினிடம் சொல்லி இசைவு பெற்றார். ஆனால் இந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் வெகுகாலமாகவே இருந்தார்கள். பிட்ஸ்பர்க் கூரியர் இதழின் வெண்டெல் ஸ்மித், சாம் லேசி போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். டெய்லி வொர்க்கர் என்ற கம்யூனிஸ்ட் நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தில் லெஸ்டர் ராட்னி இயக்கமே நடத்தினார். போரில் கறுப்பினத்தவர் உயிரைப் பணயம் வைத்துப் போராடித் திரும்பிய காலம் அது. 1945இல் நியூயார்க் மாநிலம் வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது. லேண்டிஸ் 1944 நவம்பரில் இறந்திருந்தார். ராபின்சனின் பெயரை ரிக்கியிடம் பரிந்துரைத்தவரும் வெண்டெல் ஸ்மித்தான். தட்டியவர்கள் பலர், உள்ளேயிருந்து தாழ்ப்பாளை விலக்கியவர் ரிக்கி. இந்த வேறுபாட்டை மறந்தால் இரண்டு தரப்புக்கும் அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

தம் திட்டம் வெளியே தெரியாமலிருக்க, கறுப்பினத்தவருக்கான புதிய லீக் ஒன்றுக்கு ஆள் தேடுவதாக அறிவித்தார். 1945 ஆகஸ்டில் அவருடைய ஸ்கவுட் கிளைட் சுகஃபோர்த் சிகாகோவுக்குப் போனார். கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் ராபின்சனுக்கு அப்போது தோள் வலி; ஆட்டத்தில் இல்லை. எறிந்து காட்டச் சொல்ல வழியில்லை. ஆனாலும் சுகஃபோர்த் அவரைப் புரூக்ளினுக்கு அழைத்துவந்தார்.

ஆகஸ்ட் 28. மான்டேகு தெரு 215ஆம் எண் கட்டடத்தில் ரிக்கியின் அறை. சுவரில் ஆபிரகாம் லிங்கனின் படம், ஓரத்தில் மீன்தொட்டி. உன்னை டாட்ஜர்ஸுக்காகத்தான் வரவழைத்தேன் என்று ரிக்கி சொன்னதும் ராபின்சன் திகைத்தார். அதன்பின் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ரிக்கி நடித்தார். அறை இல்லை என்று துரத்தும் விடுதி எழுத்தரானார். உணவு பரிமாற மறுக்கும் ஊழியரானார். கூரிய காலணியோடு சறுக்கி வந்து காலைக் கிழித்து வசைபாடும் எதிரணிக்காரர் ஆனார். வசைச் சொற்களை ராபின்சனின் முகத்துக்கு நேரே எறிந்தார். திருப்பி அடிக்கப் பயப்படுகிற ஆளா உங்களுக்கு வேண்டும் என்று ராபின்சன் கேட்டார். திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உள்ள ஆள் வேண்டும் என்றார் ரிக்கி.

யாரிடம் இதைக் கேட்டார் என்பதை மறக்கக் கூடாது. டெக்சஸில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது, பேருந்தின் பின்பக்கத்துக்குப் போகச் சொன்னதை மறுத்து, 1944இல் ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்தித்து, குற்றமற்றவர் என்று வெளிவந்தவர் ராபின்சன். ரிக்கி அவரைத் தேர்ந்ததும் அந்தக் குணத்துக்காகத்தான். அடக்கச் சொன்னதும் அந்தக் குணத்தைத்தான். 3,500 டாலர் ஊக்கத்தொகை, மாதம் 600 டாலர் சம்பளம் என்று ஒப்பந்தமானது.

1946இல் டாட்ஜர்ஸின் துணை அணியான கனடாவின் மான்ட்ரியால் ராயல்ஸில் ராபின்சன் .349 சராசரியில் அடித்து அணியைப் பட்டம் வெல்ல வைத்தார். 1947 வசந்தகாலப் பயிற்சியை, இனப்பிரிவினைச் சட்டம் கொண்ட ஃபுளோரிடாவைத் தவிர்த்து, ஹவானாவுக்கு ரிக்கி மாற்றினார். அங்கேயும் ராபின்சன் உள்ளிட்ட கறுப்பின வீரர்கள் தனி விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். ஏதாவது சம்பவம் நேர்ந்து திட்டம் கெட்டுவிடக் கூடாது என்ற அச்சத்தில் அந்த ஏற்பாட்டைச் செய்தவர் ரிக்கிதான். ராபின்சனுக்குக் கோபம் வந்தது, பொறுத்துக்கொண்டார். 1947 ஏப்ரல் 15 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் அவர் களமிறங்கினார். அதே மாதம் ஃபிலடெல்ஃபியா அணியின் மேலாளர் பென் சாப்மேன் ஆட்டம் முழுதும் இன வசை பொழிந்தபோதும் வாய் திறக்கவில்லை. ஆண்டின் சிறந்த புதுமுகமானார். டாட்ஜர்ஸ் லீக் பட்டம் வென்றது. அந்தப் பருவத்தில் சொந்த மைதானத்துக்கு வந்த பார்வையாளர் எண்ணிக்கை 18 லட்சத்தைத் தாண்டியது.

திட்டம் ரிக்கியுடையது. காயம் முழுதும் ராபின்சனுடையது. ஒரு நிர்வாகியின் மிகச் சிறந்த முடிவுக்குக்கூட விலையைக் களத்தில் நிற்பவர்தான் கொடுக்கிறார்.

எஃபா மேன்லியின் கேள்வி

இந்தக் கதையில் நியாயமான இடம் கிடைக்காத ஒருவர் எஃபா மேன்லி. நியூஜெர்சியின் நியூவார்க் ஈகிள்ஸ் என்ற நீக்ரோ லீக் (கறுப்பினத்தவருக்கான தனி லீக்) அணியைக் கணவர் ஏப் மேன்லியோடு சேர்ந்து நடத்தியவர். சம்பளப் பட்டியல், ஆட்ட அட்டவணை, பயணம், விளம்பரம் எல்லாம் அவர் கையில். 1946இல் அவருடைய அணி கான்சஸ் சிட்டி மோனார்க்ஸை வென்று நீக்ரோ வேர்ல்டு சீரிஸைக் கைப்பற்றியது. ரிக்கி செய்த அதே தொழிலை, அவரைவிடக் குறைந்த பணத்தில், மிகக் கடினமான சூழலில் செய்துகாட்டியவர் அவர்.

ராபின்சனை எடுத்தபோது மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு டாலரும் தரவில்லை. ஈகிள்ஸின் டான் நியூகோம்பை எடுத்தபோதும் தரவில்லை. நீக்ரோ லீக்குகள் ஒழுங்கான லீக்குகளே அல்ல, சூதாட்டக்காரர்களின் கூடாரம் என்பது அவர் சொன்ன காரணம். ஈகிள்ஸ் வீரர் மான்டி இர்வினையும் அவர் எடுக்க முயன்றபோது மேன்லி எதிர்த்து நின்றார். ரிக்கி பின்வாங்கினார், பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸ் இர்வினுக்கு 5,000 டாலர் கொடுத்தது. கிளீவ்லாந்து அணியின் பில் வீக், 1947இல் லாரி டோபிக்காக மொத்தம் 15,000 டாலர் கொடுத்தார். வெள்ளையராக இருந்தால் இதைப்போலப் பலமடங்கு தந்திருப்பீர்கள் என்று வீக்கிடம் மேன்லி சொன்னார். ஆனால் வீக் கேட்டு, பேசி, கொடுத்தார்.

மேன்லி எழுப்பிய கேள்வி சொத்துரிமை பற்றியது மட்டுமல்ல. தம் சொந்த வீரர்களை விடாமல் பிடித்துவைக்க ரிசர்வ் விதியைப் புனிதமாகக் கருதிய ரிக்கி, கறுப்பின உரிமையாளர்கள் வளர்த்த வீரர்கள்மீது அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று முடிவு செய்தார். ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்கப் போனார்கள். நீக்ரோ லீக் மைதானங்கள் காலியாயின. 1948 பருவத்தோடு நீக்ரோ தேசிய லீக் முடிந்தது, ஈகிள்ஸும் கைமாறியது.

கயிற்றுச் சட்டமும் எண்களும்

டாட்ஜர்ஸ் காலத்தில் ரிக்கி உருவாக்கிய இன்னொன்று பயிற்சி முறை. ஃபுளோரிடாவின் வீரோ பீச்சில் கைவிடப்பட்டிருந்த கடற்படை விமானத் தளத்தை 1948இல் பயிற்சி நகரமாக்கினார். அங்கே பந்தெறியும் பிட்சர்களுக்கு ஒரு சாதனம் இருந்தது: இரண்டு கம்பங்கள், நடுவே செவ்வகமாகக் கட்டிய கயிறுகள். பந்து விழ வேண்டிய எல்லையைக் காற்றில் வரைந்து காட்டியது அந்தச் சட்டம். இளம் பிட்சர் அதற்குள் எறிந்து எறிந்து பழக வேண்டும். மூலைகளைத் தொட்டால் இன்னும் நல்லது. விலை சில டாலர்; பயன் அளவில்லாதது. பெரிய அமைப்பைச் சிந்தித்தவரே இத்தனை சிறிய கருவியையும் சிந்தித்தார் என்பதுதான் அவர் தனித்தன்மை.

மான்ட்ரியாலைச் சேர்ந்த ஆலன் ராத்தை 1947இல் முழுநேரப் புள்ளியியலாளராக நியமித்தார். ஒவ்வொரு பந்தையும் ராத் குறித்துவைத்தார். மட்டைச் சராசரி ஒரு வீரரின் முழு மதிப்பைச் சொல்லாது. எத்தனை முறை தளத்தை அடைந்தார் என்பதே முக்கியம் என்று இருவரும் கண்டார்கள். இந்தக் கருத்துகளை 1954இல் லைஃப் இதழில் ஒரு சமன்பாட்டோடு ரிக்கி எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து ஓக்லாந்து அணியும் அதன் பொது மேலாளர் பில்லி பீனும் புகழ்பெறக் காரணமான சிந்தனையின் வேர் இங்கே இருக்கிறது.

பிட்ஸ்பர்க்கின் தோல்வி, பின்னால் வந்த வெற்றி

1950இல் பங்குதாரர் வால்டர் ஓமாலியோடு மோதல் முற்றியது. தம் கால்பங்குக்குப் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்ற வெளியார் ஒருவரைக் கொண்டுவந்து, ஓமாலியே அந்த விலையைக் கொடுக்கும் நிலையை உருவாக்கிவிட்டு ரிக்கி வெளியேறினார். அடுத்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். அங்கே நடந்தது படுதோல்வி. 1952இல் 42 வெற்றி, 112 தோல்வி. அணியின் ஒரே நட்சத்திரம் ரால்ஃப் கைனர், 37 ஹோம் ரன்னோடு லீக்கில் முதலிடத்தில் இருந்தும் சம்பளக் குறைப்பைச் சந்தித்தார். நீ இல்லாமலும் கடைசி இடத்துக்கு வர எங்களால் முடியும் என்று ரிக்கி சொன்ன பதில் பிரசித்தம். 1953இல் கைனரை வேறு அணிக்கு அனுப்பினார்.

ஆனால் விதைப்பு நிற்கவில்லை. 1954 நவம்பரில், டாட்ஜர்ஸின் மான்ட்ரியால் அணியில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த போர்ட்டோ ரிக்கோ இளைஞர் ராபர்ட்டோ கிளெமென்டேயை பைரேட்ஸ் 4,000 டாலருக்கு எடுத்தது. கண்டுபிடித்தது சுகஃபோர்த்தின் கண். சில வாரங்களுக்குப் பின் கிளெமென்டேயின் ஆட்டத்தை நேரில் பார்த்த ரிக்கி, எறியும் கை அழகு, ஓடும் விதம் மோசம் என்று குறிப்பெழுதினார். அவர் கணிப்பும் பிசகும் என்பதற்கு இது சாட்சி. தம் கணிப்பைவிடப் பெரிய ஓர் அமைப்பை அவர் கட்டியிருந்தார் என்பதற்கும் இதுவே சாட்சி. பில் மாசெரோஸ்கியும் அவர் காலத்தில் சேர்ந்தவர்தான். 1960 அக்டோபர் 13 அன்று மாசெரோஸ்கியின் ஹோம் ரன்னில் பிட்ஸ்பர்க் வேர்ல்டு சீரிஸை வென்றபோது, ரிக்கி பொது மேலாளர் பதவியை விட்டு ஐந்தாண்டு ஆகியிருந்தது. நிர்வாகியின் உழைப்பு பெரும்பாலும் அடுத்தவர் காலத்தில்தான் அறுவடையாகிறது.

1959இல், 77 வயதில், காண்டினென்டல் லீக் என்ற மூன்றாவது பெரிய லீக்குக்குத் தலைவரானார். அந்த லீக் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் அது தந்த அச்சத்தில்தான் மேஜர் லீக் தன் 16 அணி வட்டத்தை விரித்தது; நியூயார்க் மெட்ஸும் ஹூஸ்டன் அணியும் 1962இல் பிறந்தன. 1965 நவம்பரில் மிசூரியின் கொலம்பியா நகரில் பேசிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே சரிந்து, டிசம்பர் 9 அன்று இறந்தார். 1967இல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது கதவு

ரிக்கி திறந்தது களத்தின் கதவை. மேசைக்குப் போகும் கதவு மூடியே கிடந்தது. நீக்ரோ லீக்குகள் அழிந்தபோது வீரர்களில் சிலருக்கு மேஜர் லீக்கில் இடம் கிடைத்தது. அந்த லீக்குகளை நடத்திய உரிமையாளர்கள், மேலாளர்கள், கணக்கர்களில் எவருக்கும் மேஜர் லீக் அலுவலகங்கள் அதற்கு நிகரான நாற்காலி கொடுக்கவில்லை. மேன்லியின் அனுபவம் அப்படியே வீணானது. 1972 அக்டோபரில் வேர்ல்டு சீரிஸ் மேடையில், ஒரு கறுப்பின மேலாளரைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன் என்று ராபின்சன் சொன்னார். ஒன்பது நாளில் இறந்தார். முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975இல். பொது மேலாளரின் பொறுப்பைப் பில் லூக்காஸ் அட்லாண்டாவில் ஏற்றது 1976இல். அந்தப் பதவிப் பெயரோடு பாப் வாட்சன் ஹூஸ்டனில் அமர்ந்தது 1993இல். ஒரு பெண், கிம் எங், மயாமி அணியின் பொது மேலாளரானது 2020இல். ரிக்கி உயிராகக் காத்த ரிசர்வ் விதி 1975 டிசம்பரில் ஒரு சமரச நடுவரின் தீர்ப்பால் உடைந்தது. மேன்லிக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2006இல். அதில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். அப்போது அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதையெல்லாம் சொல்வது ரிக்கியின் தராசுத் தட்டைத் தாழ்த்துவதற்காக அல்ல. 1945இல் மற்ற எல்லா அணிகளுக்கும் அதே கறுப்பின வீரர்கள் கண்ணெதிரே இருந்தார்கள். ரிக்கி ஒருவர்தான் கையெழுத்து வாங்கினார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்க 1959 வரை ஆனது. லாபமும் வெற்றியும் வரும் என்று கணக்கிட்டுச் செய்தார் என்பதால் அவர் செயலின் மதிப்புக் குறையவில்லை. அதே லாபம் எல்லாருக்கும் திறந்திருந்தது, எடுக்கும் துணிவு அவரிடம் மட்டும் இருந்தது.

ஆனால் அவர் கண் திறமையான உடலைக் கண்டது, உறுதியான உள்ளத்தைக் கண்டது. அந்த உடலையும் உள்ளத்தையும் வளர்த்த நிறுவனங்களைக் காணவில்லை, ஆடியவர் ஒருநாள் ஆள வேண்டியவர் என்பதையும் காணவில்லை. எந்தத் துறையிலும் ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே அழைக்கும் நல்ல மனம் கொண்ட நிர்வாகிகள் நிற்கும் எல்லை பெரும்பாலும் இதுதான். உழைக்க அழைப்பார்கள், முடிவெடுக்க அழைக்க மாட்டார்கள். ரிக்கியின் வாழ்விலிருந்து நமக்கான அளவுகோலை எடுக்க வேண்டுமானால் இதை எடுக்கலாம்: ஒரு நிறுவனம் எவ்வளவு நியாயமானது என்று அறிய அதன் களத்தில் யார் ஆடுகிறார்கள் என்று பார்த்தால் போதாது; யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.